துரை நடக்கும் நேரம்

சுவரோரம் தொடங்கித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் துரைக்குப் பதினோரு அடி. அங்கே தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்புவான். மறுபடி பதினோரு அடி. பதினான்கு வருடம் நடந்து நடந்து தரையில் தடமே விழுந்துவிட்டது. மழை பெய்தால் அந்தத் தடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி என்ன நடை நடக்கிறான் பார் என்று யாரோ சொல்லப்போய்த்தான் அவனுக்குத் துரை என்று பெயர் வந்தது. மற்றபடி துரை ஒரு கரடி.

அவனை வளர்த்தவள் கரடியக்கா. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளோ என்னவோ. மலைப்பாதை போடுகிறவர்கள் வெடி வைத்த இடத்தில் தாய்க்கரடி செத்துக் கிடந்தது. குட்டியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுவந்தார்கள். வாளியில் பாதிகூட நிறையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புட்டிப் பால் என்று மூன்று மாதம் அங்கேயே கிடந்து பிழைக்க வைத்தாள். பஸ் டிரைவரான அவள் புருஷன் அந்த மூன்று மாதமும் தானே சமைத்துத் தானே சாப்பிட்டவர். இன்றைக்கும் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு புண்ணியவான் செல்போனைத் தூக்கிப் பிடிக்கும்வரை. ஒரு நிமிடப் படம். துரை போகிறான், வருகிறான், போகிறான், வருகிறான். பின்னால் சோகமாக ஒரு வயலின். கீழே எழுதியிருந்தது: ‘கூண்டில் பைத்தியமாகிவிட்ட கரடி.’ மூன்று நாளில் எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆளாளுக்குத் திட்டினார்கள்.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன்தான். ஆனால் போன் மணி அடித்தாலே நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற சுபாவம்.

“அக்கா, மேலேருந்து ஒரு குழு வருது. வர்ற மாசம் கடைசி வெள்ளிக்கிழமை, மூணு மணிக்கு. ஒரு மணி நேரம் உக்காந்து பாப்பாங்களாம். இப்படி முன்னயும் பின்னயும் நடந்தான்னா, மலைமேல ஒரு சரணாலயம் இருக்கு பாருங்க, நானூறு ஏக்கர், அங்க அனுப்பிடுவாங்க. நடக்கலைன்னா இங்கயே இருக்கலாம்.”

“நடக்கறது ஒரு குத்தமா சார்? டாக்டர் என்னையே தினமும் நடக்கச் சொல்றாரு.”

“நீங்க தெருவுல நடக்கறீங்க அக்கா. அவன் தடத்துல நடக்கறான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பாலூட்டி வளர்த்தவளிடம் வந்து உன் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றால் எப்படி இருக்கும்? அப்படியில்லை என்று காட்டிவிடுவது என்று முடிவுகட்டினாள். மிருகக்காட்சிசாலையில் ஒவ்வொரு ஜீவனுக்கும் ஒரு தினக்குறிப்பு நோட்டு உண்டு. தின்றது, தூங்கியது, நடந்தது எல்லாம் எழுத வேண்டும். அலமாரியைத் திறந்து துரையின் பழைய நோட்டுகளை இறக்கித் தூசி தட்டிப் பிரித்தாள்.

பிரித்தவள் அசந்துபோனாள். எல்லாம் அவள் கையெழுத்து. காலை ஏழு நாற்பது, நடை உண்டு. பதினொன்று பத்து, நடை உண்டு. மூன்று மணி, நடை உண்டு. பக்கம் பக்கமாக இதேதான். அப்படியானால் இவன் தூங்குவதே இல்லையா? தூங்காத கரடி எங்கேயாவது பதினான்கு வருடம் உயிரோடு இருக்குமா? இத்தனை காலமும் தோன்றாத ஒரு கேள்வி அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. நான் இல்லாதபோது இவன் என்ன செய்கிறான்?

அது எந்த நோட்டிலும் இல்லை. எழுத அவள்தான் அங்கே இல்லையே.

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்றைக்குக் கிளிக்கூண்டுக்காரர் ஒற்றைச் சாவியோடு வந்து மூன்று மணிக்குத் துரைக்குத் தீனி வைப்பார். வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸை வீட்டிலேயே விட்டாள். சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினாள். அந்தக் கொத்தில் பத்தொன்பது சாவி. நாலுக்குத்தான் பூட்டு உண்டு, மற்றவையெல்லாம் இடித்துப்போட்ட கூண்டுகளின் சாவி. கழற்றத் தோன்றாமல் அப்படியே சேர்ந்துபோனவை. புருஷனின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டாள், வாசனை தெரியக்கூடாது என்று.

டிக்கெட் கொடுக்கும் பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் கேட்டாள். “கரடியக்கா, உங்களுக்கே டிக்கெட்டா?”

“இன்னிக்கு நான் வேலைக்கு வரலடி. வேடிக்கை பாக்க வந்திருக்கேன்.”

துரை இருக்கும் கரடிப் பள்ளத்துக்கு எதிரே ஐஸ்கிரீம் வண்டி நிற்கும். அதன் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். காற்று துரையின் பக்கமிருந்து இவள் பக்கம் வீசியது. மடியில் புது நோட்டு.

எட்டு மணி: துரை மல்லாந்து படுத்திருக்கிறான். எட்டரை: மல்லாந்தே இருக்கிறான். ஒன்பது: வயிற்றைச் சொறிந்தான். பத்து: குறட்டை. கரடியக்கா பேனாவைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வயிற்றுப் பக்கம் முடி சுழித்து வளர்ந்திருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு எழுந்தான். இதோ நடக்கப்போகிறான் என்று அவள் நிமிர்ந்தாள். அவனோ எதிர்ப்பக்க மூலைக்குப் போய், சாக்கடைக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் நின்றுவிட்டுத் திரும்ப வந்து படுத்தான். அங்கே என்ன இருக்கிறது? அதையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

இரண்டேகால் மணிக்குத்தான் நடை ஆரம்பித்தது. மூன்று மணித் தீனியைப் பார்க்கக் கூட்டம் சேரச் சேர, நடையும் வேகம் பிடித்தது.

ஐஸ் வண்டிக்காரர் குனிந்து சொன்னார். “எப்பவும் இப்படித்தான்க்கா. தீனிக்கு முன்னாடி நடப்பான். மத்த நேரத்துல உங்க சத்தம் கேட்டா நடப்பான். இல்லைன்னா தூக்கந்தான்.”

“என் சத்தமா? நான் எப்ப கத்தினேன்?”

“உங்க சாவிக்கொத்துதான். அங்க திருப்பத்துல வரும்போதே கேக்குமே. அவன் எழுந்திருப்பான். கரடியக்கா வந்தாச்சுன்னு நானும் ஒழுங்கா எழுந்து நிப்பேன்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையேக்கா.”

அவள் பார்க்கும்போதெல்லாம் அவன் நடந்தான்; ஆகவே எப்போதும் நடக்கிறான் என்று எழுதினாள். கையில் விளக்கை ஏந்திக்கொண்டு போய், இந்த அறை எப்போதும் வெளிச்சமாகவே இருக்கிறது என்று பதினான்கு வருடம் நோட்டில் எழுதிய கதை. வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. அவனைத் தினமும் பார்க்கிறவளால் மட்டுந்தான் முடியும்.

ஆனால் அன்று சாயங்காலம் அவள் வருத்தமாகவா வீட்டுக்குப் போனாள்? குதித்துக்கொண்டு போனாள்.

“என்னங்க, அவனுக்குப் பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்காகக் காத்துக்கிட்டிருக்கான்! என் சாவிச் சத்தம் கேட்டாத்தான் நடக்கறான்!”

டிரைவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னார். “பஸ் ஸ்டாப்புல தினமும் இருநூறு பேர் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாங்க. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் மலருது. என் மேல ஆசையா? வேற வண்டி இல்ல, அவ்வளவுதான்.”

“உங்க வாய்ல நல்ல வார்த்தையே வராதா?”

“நான் பஸ்ஸைச் சொன்னேன்மா.”

கரடியக்கா கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். ஆனால் சொல் தைத்துவிட்டது. தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து வேலையையே தலைகீழாக மாற்றினாள். சாவிக்கொத்தைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று மணித் தீனியை நிறுத்தினாள். காலையில் துரை உள்கூண்டில் இருக்கும்போதே பழத்தையும் கிழங்கையும் முட்டையையும் பள்ளம் முழுக்க ஒளித்து வைத்தாள். மரக்கட்டைக்கு அடியில், பழைய டயருக்குள், கல்லிடுக்கில். என்றைக்கு எங்கே என்று அவளுக்கே மறந்துபோகிற மாதிரி. துரை முதல் நாள் குழம்பினான், இரண்டாம் நாள் தேடினான், நாலாம் நாள் டயரைக் குப்புறப் புரட்டிப்போட்டுவிட்டுத் தூங்கினான். நடை நாளுக்கு நாள் குறைந்தது. ஒன்பதாம் நாள் நோட்டில் எழுதினாள்: நடை இல்லை. எழுதிவிட்டு அந்த இரண்டு வார்த்தையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இயக்குநரோ, தானே கண்டுபிடித்த மருந்து மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நோட்டில் அந்தக் கேள்விக்குறி இருந்ததே! காத்திருக்க எதுவும் இல்லாத நேரத்தில் துரை இப்போதெல்லாம் அந்தச் சாக்கடை மூலைக்குத்தான் போனான். கம்பியில் மூக்கை வைத்தால் ஒரு மணி நேரம். நகத்தால் சிமெண்டைப் பிறாண்டினான். அங்கே என்னதான் இருக்கிறது? அவள் குப்புறப் படுத்துத் தன் மூக்கையும் வைத்துப் பார்த்தாள். சாக்கடை நாற்றந்தான். அப்புறம் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். தோட்டக்காரர் சருகும் வெட்டின மரமும் கொட்டுகிற இடம். யாரும் போவதில்லை. சுவரை ஒட்டி, சாக்கடைத் துளைக்கு நேர் எதிரே, இடுப்பு உயரத்துக்கு ஒரு கரையான் புற்று.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பார்களே என்று முதலில் கம்பால் தட்டிப் பார்த்தாள். பாம்பு இல்லை. கடப்பாரையால் மேல்பாதியைப் பெயர்த்து, தோட்டக்காரரின் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். அந்தச் சக்கரம் கிரீச் கிரீச்சென்று கத்துகிற கத்தலில் மயில்கள் பதில் கொடுத்தன. தள்ளிக்கொண்டு வந்து, பள்ளத்து நடுவில் புற்றைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்து, உள்கூண்டுக் கதவைத் தூக்கினாள்.

துரை வந்தான். நின்றான். பிறகு அவள் பார்த்தேயிராத ஒன்றைச் செய்தான். முன்னங்காலால் ஒரே போடு. புற்று இரண்டாகப் பிளந்தது. பிளவில் மூக்கை நுழைத்துப் புஸ்ஸென்று ஊதினான். மண் பறந்தது. அடுத்த நொடி உதட்டைக் குழாய் மாதிரி நீட்டி உறிஞ்சினான் பாருங்கள், அந்தச் சத்தம்! அடைத்துக்கிடந்த குழாய் திடீரென்று திறந்துகொண்ட சத்தம். ஐஸ் வண்டிக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“என்னக்கா ஆச்சு அவனுக்கு?”

“ஒண்ணும் ஆகல. சாப்பிடறான்.”

ஊதினான், உறிஞ்சினான், ஊதினான், உறிஞ்சினான். வாளியில் வந்த குட்டிக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் கொடுக்கவில்லை. அவளுக்கே தெரியாது. புட்டிப் பாலுக்கும் வேகவைத்த கிழங்குக்கும் அடியில் இத்தனை வருடமும் இந்த வித்தை அவனுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அவளுக்குப் பெருமை பொங்கியது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இவன் கரடியாக இருந்து இன்றைக்குத்தானே பார்க்கிறேன் என்று நினைத்தாள். ஏதோ ஒரு ஆசையில் துண்டைப் பிரித்துச் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினாள். பத்தொன்பது சாவியும் குலுங்கின. துரை காதைக்கூட அசைக்கவில்லை.

அது கொஞ்சம் வலித்தது. ஆனாலும் வழி கிடைத்துவிட்டது. தோட்டக்காரரிடம் சொல்லி வைத்தால் எங்கெங்கேயோ புற்று இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு வண்டி. நடையும் இல்லை, பைத்தியமும் இல்லை, கரடிக்குக் கரடி வேலையும் கிடைத்தது, கரடியக்காவுக்குக் கரடியும் கிடைத்தது. இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி, நாலாவது வண்டி. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் பள்ளத்துக்கு மேலே நின்று துரை தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கப் பாதையில் தோட்டக்காரர் சருகு ஏற்றிக்கொண்டு போனார். கிரீச். கிரீச். துரை கண்ணைத் திறந்தான். எழுந்தான். சுவரோரம் போய் நின்றான்.

பதினோரு அடி. தலையில் ஒரு வெட்டு. பதினோரு அடி.

வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. சத்தமும் ஓய்ந்துவிட்டது. துரை ஒன்றரை மணி நேரம் நடந்தான். வெறும் சருகு வண்டி. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியையும் எண்ணினாள். அன்றைக்கு நோட்டில் எதுவும் எழுதவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம்வரை அவள் வாயே திறக்காததைப் பார்த்து டிரைவர் பயந்துபோனார். சண்டை போடுகிற பெண்டாட்டியைச் சமாளிக்கத் தெரியும். சும்மா இருக்கிறவளை என்ன செய்ய? விஷயத்தைக் கறந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இவ்வளவுதானா? ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சக்கரம் கத்தாது.”

“அப்புறம் என் செருப்புச் சத்தத்துக்கு நடப்பான். செருப்பக் கழட்டினா கதவுச் சத்தத்துக்கு. எனக்கு ஜலதோஷம்னா என் தும்மலுக்கு.” அவள் குரல் உடைந்தது. “நீங்க சொன்னதுதாங்க சரி. எது வந்தாலும் என் கையிலேருந்துதானே அவனுக்கு வரணும்? நான் என்ன கொடுத்தாலும், கொடுக்கற வரைக்கும் அவன் காத்துக்கிட்டுத்தானே இருக்கணும்?”

“அந்தச் சரணாலயத்துலயும் வேலி இருக்குல்ல?”

“இருக்கு. ஆனா புத்து வேலிக்கு உள்ள இருக்கு. யாரும் தள்ளிக்கிட்டு வர வேண்டாம்.”

 காலையில் டிரைவர் அவள் பையில் சாப்பாட்டு டப்பாவோடு சின்ன எண்ணெய் டப்பாவையும் போட்டார். “எதுக்கும் இருக்கட்டும். உன் இஷ்டம்” என்றார். அவள் அழுதால் தாங்கமாட்டார். அதை இப்படித்தான் சொல்லத் தெரியும் அவருக்கு.

குழுவில் மூன்று பேர். தலைவரம்மாவுக்குத் தடித்த கண்ணாடி, காதில் செருகிய பென்சில். மூன்று மணிக்கு உட்கார்ந்தார்கள். எந்தச் சத்தமும் வேண்டாமென்று இயக்குநர் முன்னேற்பாடாகத் தோட்டக்காரருக்கு அன்றைக்கு லீவு கொடுத்திருந்தார். தீனி காலையிலேயே ஒளித்தாகிவிட்டது. சாவி துண்டுக்குள். துரை மரக்கட்டையில் தாடையை வைத்து நிம்மதியாகத் தூங்கினான். மூன்றேகால், மூன்றரை, மூன்றே முக்கால். நடை இல்லை. இயக்குநருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சந்தோஷத்தில் யாரிடமோ தேநீர் சொல்லி அனுப்பினார்.

இன்னும் பத்து நிமிடம் சும்மா இருந்தால் போதும். துரை இங்கேயே இருப்பான். நாளைக் காலை ஏழு நாற்பதுக்கு அவள் வருவாள், அவன் இருப்பான். சும்மா இருப்பது பொய் ஆகுமா? ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருத்தி பொய் சொல்ல முடியுமா? முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய பதினான்கு வருட நோட்டில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை; மொத்தமும் பொய்.

எழுந்து சுவருக்குப் பின்னால் போனாள். தள்ளுவண்டி காலியாக நின்றது. பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். திரும்ப மூடிப் பையில் போட்டாள். கைப்பிடியைப் பற்றித் தள்ளினாள்.

கிரீச்.

பள்ளத்தைச் சுற்றி அவள் வந்து சேர்வதற்குள் துரை தடத்தில் ஏறிவிட்டான். பதினோரு அடி, தலையில் வெட்டு, பதினோரு அடி. எழுதிக்கொண்டிருந்த மூன்று கைகளும் நின்றன.

“என்ன இது?” என்றார் தலைவரம்மா. “இவ்வளவு நேரம் தூங்கிக்கிட்டிருந்தானே?”

கரடியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, மூன்று மணித் தீனி, சாக்கடை மூலை, புற்று, சக்கரம். எதையும் விடவில்லை. துரை நடந்துகொண்டே இருந்தான்.

“நீங்க சொல்லலைன்னா, தூங்கறதைப் பாத்துட்டு நல்லா இருக்கான்னு எழுதியிருப்போம்.”

“நான் நடக்கறதைப் பாத்துட்டு எழுதினேன்மா. ரெண்டும் ஒண்ணுதான்.”

“புத்து கொண்டுவந்து போட்டா சந்தோஷமா இருக்கான்னு சொல்றீங்க. தினமும் போடலாமே?”

“போடலாம். நான் போடற வரைக்கும் நடப்பான்.”

தலைவரம்மா பென்சிலால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். “அப்போ அவனை அனுப்பறதுல உங்களுக்குச் சம்மதம்னு எழுதிக்கலாமா?”

“இல்லம்மா. எனக்குச் சம்மதமே இல்ல.” கண்ணீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை. “அதையும் எழுதிக்குங்க. ஆனா அனுப்பிடுங்க.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டீர்களே அக்கா என்று இயக்குநர் ஒரு வாரம் புலம்பினார். அந்த ஒரு வாரம் முழுக்க அவள் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பேசினால் ‘அனுப்பாதீங்க’ என்று சொல்லிவிடுவோமோ என்று பயம்.

லாரியோடு சரணாலயத்துக்காரர் வந்தார். தொப்பி போட்ட, அதிகம் பேசாத மனிதர். துரையைப் பெட்டிக்குள் ஏற்றியானதும் கேட்டார். “புது இடம். ஆரம்பத்துல மருந்து கொடுக்கறதுக்கு, எடை பாக்கறதுக்கெல்லாம் கிட்ட கூப்பிடணும். எப்படிக் கூப்பிட்டா வருவான்?”

கரடியக்கா இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தாள். பூட்டு உள்ள நாலு சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, மீதிப் பதினைந்தையும் வளையத்தோடு அவரிடம் கொடுத்தாள். கொடுக்குமுன் ஒரு தடவை ஆட்டினாள். பெட்டிக்குள் துரை எழுந்து நின்ற சத்தம் கேட்டது. அங்கே நடக்க இடமில்லை.

முதல் வாரம் சரணாலயத்துக்காரர் போன் செய்தார். நானூறு ஏக்கரைத் திறந்துவிட்டும் துரை வாசல் கதவோரமே பதினோரு அடி நடந்துகொண்டிருக்கிறானாம். சாவியை ஆட்டினால் ஓடி வருகிறானாம். தப்புப் பண்ணிவிட்டோமா என்று அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாம் வாரமும் அதேதான் என்றார். மூன்றாம் வாரம் போனே வரவில்லை.

நாலாவது வாரம் வியாழக்கிழமை அவள் முள்ளம்பன்றிக் கூண்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் புது நோட்டு. இந்த முள்ளம்பன்றி எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். யார், எத்தனை மணிக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று தெரியவேண்டும் அவளுக்கு. பக்கத்து ஸ்டூலில் லீவு போட்டுவிட்டு வந்த டிரைவர், ‘முன்னே கரடி, இப்போ முள்ளம்பன்றி, அடுத்தது முதலையா’ என்று முனகிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

“அக்கா, நான்தான். ஒண்ணு கேக்கணும்.” சரணாலயத்துக்காரரின் குரலில் சங்கடம். “துரை ரெண்டு நாளா வாசல் பக்கமே வரல.”

அவள் எழுந்துவிட்டாள். “உடம்புக்கு ஏதாவது…?”

“அதெல்லாம் இல்ல. கழுத்துல கட்டின பட்டை சிக்னல் கொடுக்குது. மேல் சரிவுல இருக்கான், புத்து நிறைய இருக்கிற பக்கம். தூரத்துல இருந்து பாத்தேன், தோண்டிக்கிட்டு இருக்கான். நல்லாத்தான் இருக்கான். ஆனா எடை பாக்கணும், கூப்பிட்டா வரமாட்டேங்கறான். காலையில ஆட்டினோம், சாயங்காலம் ஆட்டினோம். கிட்டப் போயே ஆட்டிப் பாத்தாச்சு. தலையைத் தூக்கினான், ஒரு பார்வை பாத்தான், திரும்பவும் தோண்ட ஆரம்பிச்சுட்டான்.”

“ஒரு பார்வை பாத்தானா?”

“பாத்தான்க்கா. வரல. வேற ஏதாவது சத்தம் இருக்கா? எதுக்கு வருவான்னு உங்களுக்குத்தானே தெரியும்?”

அவளுக்குத் தெரியும். கிரீச்சென்று கத்துகிற ஒரு சக்கரம் இன்னும் சுவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது.  பதினான்கு வருடத்தில் அந்தக் கொத்துக்கு அவன் ஒரு முறை, முதல் புற்றை உறிஞ்சிய அன்று ஒரே ஒரு முறைதான் திரும்பாமல் இருந்திருக்கிறான். டிரைவர் என்னவோ ஏதோ என்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா? இந்தச் சாவியை என்ன செய்யறது?”

“அதுல எதுக்கும் பூட்டு கிடையாதுங்க” என்றாள் கரடியக்கா. “தூக்கிப் போட்டுடுங்க.”